லேக்காக்: ஓர் இங்கிலாந்துக் கிராமமும் அதன் பழைய கட்டடங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்துக்கு வரும் உறவினர்களும் நண்பர்களும் ஸ்டோன்ஹெஞ்ச், பாத் என்று பட்டியல் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். அவர்களை நான் எப்படியாவது லேக்காக்குக்கும் அழைத்துப் போய்விடுவேன். காரை விட்டு இறங்கிப் பத்து நிமிடம் நடந்ததுமே கேள்விகள் தொடங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

லேக்காக் எங்கே இருக்கிறது?

தென்மேற்கு இங்கிலாந்தில், வில்ட்ஷயர் மாவட்டத்தில், ஏவன் ஆற்றங்கரையில். சிப்பனம் என்ற ஊருக்குத் தெற்கே ஐந்து கிலோமீட்டர். பாத் நகரிலிருந்து காரில் அரை மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாகும்.

எவ்வளவு பழைய ஊர்?

வில்லியம் மன்னர் இங்கிலாந்தை வென்ற பிறகு, 1086இல், நாடு முழுக்க நிலம், ஆடுமாடு, ஆலை எல்லாவற்றையும் கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கேட்டிலேயே இந்த ஊர் இருக்கிறது. இரண்டு ஆலைகளும் ஒரு திராட்சைத் தோட்டமும் உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். பெயருக்குப் பழைய ஆங்கிலத்தில் சின்ன ஓடை என்று பொருள். அந்த ஓடை இன்னமும் ஊருக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் இன்று நாம் பார்க்கும் லேக்காக்கின் கதை 13ஆம் நூற்றாண்டில், ஏலா என்ற ஒரு விதவையிடமிருந்து தொடங்குகிறது.

ஏலா, ஏலா என்கிறீர்களே, யார் அவர்?

சாலிஸ்பரி கோமாட்டி. தந்தை 1196இல் இறந்தபோது அவருக்கு ஒன்பது வயதிருக்கும். வேறு வாரிசு இல்லாததால் அத்தனை நிலமும் பட்டமும் இந்தச் சிறுமிக்கு வந்தன. அவ்வளவு சொத்துள்ள பெண்ணை அந்தக் காலத்து அரசன் சும்மா விடுவானா? முதலாம் ரிச்சர்ட் மன்னர் அதே ஆண்டில் தந்தை வழியில் மட்டும் தம்பியான வில்லியம் லாங்கெஸ்பேக்கு அவரை மணமுடித்து வைத்தார். லாங்கெஸ்பே, இரண்டாம் ஹென்றி மன்னருக்கு மனைவியல்லாத வேறொரு பெண்ணிடம் பிறந்த மகன். லாங்கெஸ்பே என்றால் நீண்ட வாள். போர்க்களமே வாழ்க்கையாக இருந்தவர்.

1225இல் பிரான்சின் காஸ்கனியிலிருந்து திரும்பும்போது அவர் கப்பல் புயலில் சிக்கியது. மாதக்கணக்கில் தகவல் இல்லை. ஆள் போய்விட்டார் என்று முடிவுகட்டிய அரசவைப் பெரியவர் ஒருவர் தன் உறவுக்காரருக்கு ஏலாவைப் பெண் கேட்டார். ஏலா மறுத்துவிட்டார். கணவர் 1226 ஜனவரியில் உயிரோடு வந்து சேர்ந்தார். மார்ச்சில் இறந்தும் போனார்.

அதற்குப் பிறகு ஏலா செய்தவைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. மறுமணம் செய்துகொள்ளவில்லை. கணவர் வகித்த வில்ட்ஷயர் ஷெரீப் பொறுப்பைத் தானே ஏற்றார். ஷெரீப் என்றால் அந்த நாளில் மாவட்டத்தின் வரி, நீதி, காவல் எல்லாவற்றுக்கும் மன்னரின் ஆள். ஒரு பெண் அந்தப் பதவியில் இருப்பது மிக அரிது. 1232 ஏப்ரல் 16 அன்று காலையில் லேக்காக்கில் கன்னியர் மடத்துக்கும், அதே நாள் பிற்பகலில் ஹின்டன் என்ற ஊரில் துறவியர் மடத்துக்கும் அடிக்கல் நாட்டினார் என்று மடத்துப் பழைய குறிப்பு சொல்கிறது. இரண்டு ஊருக்கும் இடையே இருபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். குதிரையில் போயிருக்க வேண்டும்.

சில ஆண்டுகளில் தானும் துறவு பூண்டு, தான் கட்டிய மடத்துக்கே முதல் தலைவியானார். 1257 வரை அந்தப் பொறுப்பில் இருந்து, 1261இல் காலமானார். அவருடைய கல்லறைக் கல் மடத்தின் திருச்சுற்றில் தரையோடு தரையாகக் கிடக்கிறது. எழுத்தெல்லாம் தேய்ந்திருக்கிறது. பார்த்து நடங்கள்.

அவர் கணவரை விஷம் வைத்துக் கொன்றார்களாமே?

அப்படி அன்றைக்கே பேச்சு இருந்தது. அவரைச் சாலிஸ்பரி பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். 1791இல் அந்தக் கல்லறையை இடம் மாற்றத் திறந்தபோது மண்டையோட்டுக்குள் ஒரு எலியின் வற்றிய உடல் கிடந்தது. அதில் ஆர்சனிக் இருந்ததாகப் பின்னால் கண்டார்கள். அந்த எலி இன்று சாலிஸ்பரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எலிக்கு விஷம் எங்கிருந்து வந்தது என்பதை அதை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. சந்தேகத்துக்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

கன்னியர் மடம் என்கிறீர்கள், பார்த்தால் ஜமீன் மாளிகை போல இருக்கிறதே?

இரண்டும்தான். எட்டாம் ஹென்றி மன்னர் போப்பாண்டவரிடமிருந்து பிரிந்த பிறகு நாட்டிலுள்ள மடங்களை ஒவ்வொன்றாக மூடினார். அதற்கு முன் அதிகாரிகளை அனுப்பி எந்த மடத்தில் என்ன குறை என்று துருவினார்கள். லேக்காக்கில் குறை ஒன்றும் அகப்படவில்லை. இங்குள்ள கன்னியர் தங்கள் மட விதிகளைப் பழைய பிரெஞ்சு மொழியிலேயே வைத்திருக்கிறார்கள், அதை நன்றாகப் புரிந்துகொண்டும் இருக்கிறார்கள் என்று வந்த அதிகாரி வியந்து எழுதினார். ஏலா காலத்து உயர்குடி மொழி முந்நூறு ஆண்டுகள் அந்தச் சுவர்களுக்குள் உயிரோடு இருந்திருக்கிறது. நற்சான்று இருந்தும் பயனில்லை. 1539 ஜனவரியில் மடத்தை ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

வாங்கியவர் வில்லியம் ஷேரிங்டன். விலை 783 பவுண்டு. மடத்தோடு சேர்ந்திருந்த கோயிலை இடித்துத் தள்ளினார். ஆனால் திருச்சுற்று, கன்னியர் கூடிப் பேசிய அறை, குளிர்காலத்தில் கணப்பு எரிந்த ஒரே அறை ஆகியவற்றை அப்படியே விட்டு, அவற்றின் தலைமேல் தன் வீட்டைக் கட்டிக்கொண்டார். அதனால் தரைத்தளத்தில் 13, 15ஆம் நூற்றாண்டுகளின் மடம். படியேறினால் 16ஆம் நூற்றாண்டு மாளிகை. நாட்டில் எத்தனையோ மடங்கள் கல்லுக்காகப் பெயர்க்கப்பட்டு மொட்டைச் சுவராக நிற்கின்றன. இங்கே விதானத்தின் கல் விலா எலும்புகளும் அவை கூடும் இடத்திலுள்ள செதுக்கல்களும் சிதையாமல் இருக்கின்றன. தலையை அண்ணாந்துகொண்டே நடக்க வேண்டிய இடம்.

கணப்பு அறையில் ஒரு பெரிய வெண்கலக் கொப்பரை இருக்கிறது. 1500இல் பெல்ஜியத்தின் மெகலென் நகரில் வார்த்தது.

ஷேரிங்டன் நல்ல ரசனையுள்ளவர். எண்கோணக் கோபுரமும் அதற்குள் இருக்கும் கல் மேசையும் இத்தாலியப் பாணி இங்கிலாந்துக்குள் நுழைந்த புதிதில் செய்தவை. கை மட்டும் சுத்தமில்லை. பிரிஸ்டல் நாணயச்சாலையில் பொறுப்பிலிருந்தபோது எடை குறைந்த காசு அடித்துக் கொள்ளையாகச் சம்பாதித்தார். அரசுக்கு எதிரான சதி ஒன்றுக்கும் அந்தப் பணம் போனது. 1549இல் பிடிபட்டார். சதிக்குத் தலைமை தாங்கிய தாமஸ் சீமோரின் தலை போயிற்று. ஷேரிங்டன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு மன்னிப்பு வாங்கி, பறிபோன சொத்தையும் பணம் கட்டி மீட்டுவிட்டார்.

பின்னாளில் மாளிகைக்குச் சொந்தக்காரர்களான டால்பட் குடும்பம் எப்படி வந்தது?

திருமணத்தால். ஷேரிங்டனுக்குப் பிள்ளை இல்லாததால் சொத்து அவர் தம்பிக்குப் போய், தம்பி மகள் ஆலிவ் வழியாக டால்பட்களிடம் வந்தது. ஆலிவ், ஜான் டால்பட் இருவரின் காதலுக்குத் தந்தை சம்மதிக்கவில்லையாம். ஒருநாள் இரவு கீழே நின்றவரிடம் பேசிக்கொண்டிருந்த ஆலிவ் மதிலிலிருந்து குதித்துவிட்டார். பாவாடையில் காற்று நிறைந்து வேகம் தணிந்தது. தாங்கிப் பிடித்த காதலர்தான் மூர்ச்சையாகி விழுந்தார் என்று கதை. 17ஆம் நூற்றாண்டிலேயே இதை ஜான் ஆப்ரி என்ற எழுத்தாளர் எழுதி வைத்துவிட்டார். உண்மையோ இல்லையோ, மணம் நடந்தது.

வீடுகள் ஏன் கோணலாக நிற்கின்றன? விழுந்துவிடாதா?

எல்லாரும் கேட்பது இதைத்தான். எனக்குப் பதில் சொல்ல ஆசையாக இருப்பதும் இதற்குத்தான்.

அந்தக் காலத் தச்சர்கள் ஓக் மரத்தை உலர்த்திப் பயன்படுத்தவில்லை. காய்ந்த ஓக் இரும்பு மாதிரி, உளி இறங்காது. வெட்டிய பச்சை மரத்தையே சட்டங்களாக அறுத்து, தச்சுப் பட்டறையில் தரையில் கிடத்தி, வீட்டின் சட்டகம் முழுவதையும் பொருத்திப் பார்ப்பார்கள். எந்தச் சட்டம் எதோடு சேரும் என்று தெரிய உளியால் ரோமன் எண்களைக் கீறிவிடுவார்கள். பிறகு கழற்றி, வண்டியில் ஏற்றி, கட்டும் இடத்தில் நிறுத்தி, மர ஆப்பு அடித்து இறுக்குவார்கள். ஆணி கிடையாது. வீடு நின்ற பிறகுதான் மரம் காயத் தொடங்கும். காயக் காயச் சுருங்கும், முறுகும், வளையும். அந்த முறுக்கே பொருத்துகளை இன்னும் இறுக்கிவிடும். ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னால் கோணிய வீடு அது; அன்றைக்கே தன் நிலைக்கு வந்துவிட்டது.

சட்டங்களுக்கு நடுவே இருக்கும் சுவர், வரிச்சு கட்டி மண் அப்பியது. மெல்லிய கம்புகளைப் பாய் முடைவதுபோல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, களிமண், சாணம், நறுக்கிய வைக்கோல், விலங்கு மயிர் எல்லாம் மிதித்துக் குழைத்து இரண்டு பக்கமும் அப்பி, மேலே சுண்ணாம்பு அடிப்பார்கள்.

சர்ச் தெருவில் ஒரு வீட்டின் பக்கச் சுவரைக் காட்டாமல் நான் யாரையும் விடுவதில்லை. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இயற்கையாகவே வளைந்த ஒரு பெருமரத்தைத் தேடி வெட்டி, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதிகளையும் எதிரெதிரே சாய்த்து உச்சியில் சேர்த்திருக்கிறார்கள். கும்பிடும் இரண்டு கைகளைப் போல இருக்கும். தரையிலிருந்து கூரை முகடு வரை அந்த ஒற்றை வளைவுதான் வீட்டைத் தாங்குகிறது. சுவருக்குச் சுமையே இல்லை. தெருவில் நின்றபடியே அந்த வளைவைப் பார்க்கலாம். அருகில் போய்ப் பார்த்தால் மரத்தின் மேல் கோடாலி செதுக்கிய தடம் தெரியும்.

சில வீடுகளில் மேல்மாடி தெருவை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறதே?

மேல்தளத்தின் உத்திரங்களைச் சுவருக்கு வெளியே நீட்டிவிட்டு அதன்மேல் அடுத்த சுவரை எழுப்புவார்கள். கூடுதல் இடம் கிடைக்கும், கீழ்ச் சுவரில் மழைநீர் வழியாது, பார்ப்பதற்கும் வசதியான வீடு என்று தெரியும். எல்லாக் காரணமும் உண்டு என்றே நினைக்கிறேன்.

செங்கல் வீடுகளும் இருக்கின்றனவே, அவை புதியவையா?

ஹை ஸ்ட்ரீட்டில் ரெட் லயன் விடுதியின் சிவப்புச் செங்கல் முகப்பு 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இந்த ஊரில் அதெல்லாம் புதிது! பொதுவாக இங்கிலாந்தில் முகப்பை நம்பக் கூடாது. மரச்சட்ட வீடு பழைய மோஸ்தராகிப் போன காலத்தில் முன்பக்கம் மட்டும் செங்கலோ கல்லோ வைத்துப் புது வீடாக்கிக்கொண்டவர்கள் நிறைய. பக்கவாட்டுச் சந்துக்குள் போய் எட்டிப் பார்த்தால் பழைய மரம் தெரிந்துவிடும்.

அடைத்துப் பூசிய சன்னல்கள் சன்னல் வரியால்தானா?

1696 முதல் 1851 வரை இங்கிலாந்தில் வீட்டிலுள்ள சன்னல்களை எண்ணி வரி போட்டார்கள், பலர் அடைத்தார்கள். அதற்காக அடைத்த சன்னல் ஒவ்வொன்றுக்கும் வரியைக் காரணம் சொல்லிவிட முடியாது. உள்ளே படிக்கட்டோ புகைபோக்கியோ வந்ததால் அடைத்தவையும் உண்டு.

கூரையில் ஓடா, கல்லா?

பெரும்பாலும் கல். சுண்ணாம்புக்கல்லைப் பலகையாகப் பிளந்து ஓடு மாதிரி அடுக்குவார்கள். கூரை இறவாரத்தில் பெரிய கல், மேலே போகப் போகச் சிறிது, முகட்டருகே உள்ளங்கை அளவு. எடை அதிகம் என்பதால் முகட்டு வரி நடுவில் தொய்ந்திருக்கும். அந்தத் தொய்வைப் பார்த்தே கல் ஓடு என்று தூரத்திலிருந்து சொல்லிவிடலாம்.

தெரு மூலையில் இருக்கும் அந்தப் பெரிய களஞ்சியம் என்ன?

தசமபாகக் களஞ்சியம். 14ஆம் நூற்றாண்டு, எட்டு அங்கணம், அதாவது கூரை மரங்கள் பிரிக்கும் எட்டுப் பகுதிகள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்கோ மடத்துக்கோ கொடுக்க வேண்டும் என்பது விதி. தானியம், கம்பளி, தோல் எல்லாம் இங்கே வந்து குவியும். பிற்காலத்தில் இதுவே சந்தைக் கூடமாயிற்று. கதவைத் தள்ளி உள்ளே போனால் வெளிச்சம் குறைவு. கண் பழகச் சற்று நேரமாகும். பழகியதும் கூரையை ஏந்தும் வளைந்த பெருமரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியவரும். ஆள் நடமாட்டமில்லாத நேரமாக இருந்தால் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், மடமாளிகைகூட இதற்கு அடுத்ததுதான்.

களஞ்சியத்தை ஒட்டி ஒரு குட்டிக் கல் அறை, தலையில் குவிமாடத்தோடு. 18ஆம் நூற்றாண்டுக் கொட்டடி. குடித்துவிட்டுக் கலாட்டா செய்தவர்களை இரவு முழுவதும் உள்ளே போட்டுப் பூட்டுவார்கள். சன்னல் இல்லாததால் இந்தப் பக்கத்தில் இவற்றைக் குருட்டு வீடு என்பார்கள். உள்ளே போய் நின்று பாருங்கள். ஒரு நிமிடம் போதும்.

ஜார்ஜ் விடுதியில் நாய்ச் சக்கரம் இருக்கிறதாமே?

இருக்கிறது. அடுப்பங்கரையை ஒட்டி, சுவரில் உயரமாகப் பொருத்திய மரச் சக்கரம். அந்தக் காலத்தில் பெரிய இறைச்சித் துண்டுகளைக் கம்பியில் கோத்து நெருப்பின் முன் மணிக்கணக்கில் சுற்ற வேண்டும். ஆள் சுற்றினால் வெக்கை தாங்காது. குட்டைக் கால், நீள உடம்புள்ள ஒரு நாயைச் சக்கரத்துக்குள் விட்டால் அது ஓட ஓடச் சக்கரம் சுழலும். வார்ப்பட்டை வழியாகக் கம்பியும் சுழலும். இதற்காகவே வளர்த்த நாய் இனம் ஒன்று இருந்தது. இயந்திரக் கருவிகள் வந்ததும் வேலை போய், 19ஆம் நூற்றாண்டில் அந்த இனமே அற்றுப்போனது. தட்டில் வந்த சாப்பாடு ஆறுவதுகூடத் தெரியாமல் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்த சிறுவனை எனக்குத் தெரியும். என் அக்கா மகன். "மாமா, நாய்க்கு அந்தக் கறியில கொஞ்சம் குடுப்பாங்களா?" என்று கேட்டான். குடுத்திருப்பாங்கடா என்றேன்.

இன்னொரு பழைய விடுதி, ஏஞ்சல். 15ஆம் நூற்றாண்டுக் கட்டடம். தேவதூதர் என்பதைவிட, மிக்கேல் சம்மனசின் உருவம் பொறித்த ஏஞ்சல் என்ற தங்கக் காசின் பெயரால் வந்தது என்பார்கள். காசு புழங்கிய ஊர், பெயரும் அப்படி.

அவ்வளவு காசு எங்கிருந்து வந்தது?

ஆட்டிலிருந்து. சுற்றியுள்ள குன்றுகளில் ஆடு மேய்ந்தது, ஆற்றில் கம்பளி அலசினார்கள், வீடுகளில் தறி ஓடியது. ஏலா காலத்திலேயே வாரச் சந்தை நடத்த மன்னரின் உரிமை கிடைத்துவிட்டது. தெருக்கள் நான்கே நான்கு. ஏறக்குறைய ஒரு சதுரம். ஹை ஸ்ட்ரீட் அகலமாக இருப்பதற்குக் காரணம் சந்தை கூடிய தெரு என்பதுதான்.

கோயிலில் என்ன பார்க்கலாம்?

ஊர்க் கோயில் புனித சிரியாக் பெயரில் இருக்கிறது. தாயோடு கொல்லப்பட்ட குழந்தை வேதசாட்சி. இங்கிலாந்தில் அபூர்வமான பெயர். கேரளத்தில் குரியாக்கோஸ் என்று அதே பெயர் வீட்டுக்கு வீடு கேட்கும். இன்றைய கட்டடத்தின் பெரும்பகுதி கம்பளிப் பணம் கொழித்த 14, 15ஆம் நூற்றாண்டுகளில் எழுந்தது. மாதா சிற்றாலயத்தின் விதானச் செதுக்கல்களில் பழைய வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கோயிலுக்குச் சொந்தமாக ஒரு வெள்ளிக் கிண்ணம் இருந்தது. 15ஆம் நூற்றாண்டில் செல்வந்தர் விருந்தில் கைமாறிக் கைமாறிக் குடிக்கச் செய்த, மூடியுள்ள பெரிய கிண்ணம். பின்னர் எப்படியோ கோயிலுக்கு வந்து நற்கருணைப் பாத்திரமாகி, நானூறு ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தது. சமயச் சின்னம் எதுவும் அதில் இல்லாததால்தான் கோயில் வெள்ளிகளை உருக்கிய காலத்தில் தப்பியது என்கிறார்கள். 2013இல் பிரிட்டிஷ் மியூசியமும் வில்ட்ஷயர் மியூசியமும் சேர்ந்து 13 லட்சம் பவுண்டுக்கு வாங்கின. விற்கக் கூடாது என்று ஊரில் சிலர் எதிர்த்தார்கள். திருச்சபை நீதிமன்றம் வரை போனது. பழைய கட்டடத்தைப் பேணப் பணம் வேண்டும் என்பது புரிகிறது. ஆனாலும் எதிர்த்தவர்கள் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. நானூறு ஆண்டு அந்த ஊர் மக்களின் உதடு பட்ட கிண்ணம் அது.

புகைப்படம் இங்கேதான் பிறந்ததா?

புகைப்படத்துக்குத் தாய்வீடு ஒன்றுக்கு மேல் உண்டு. பிரான்சில் நியெப்ஸ், டகேர் இருவரும் உலோகத் தகட்டில் படம் எடுத்தார்கள். ஆனால் ஒரு நெகட்டிவ் எடுத்து, அதிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடும் முறை லேக்காக் மடமாளிகையில்தான் பிறந்தது. பிலிம் சுருள் வரைக்கும் உலகம் பயன்படுத்தியது அந்த முறையைத்தான்.

செய்தவர் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். 1800இல் பிறந்தவர். 1833இல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் காட்சியை வரைய முயன்று, கை ஒத்துழைக்காமல், இந்த ஒளியே காகிதத்தில் தன்னைப் பதித்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். ஊர் திரும்பியதும் பரிசோதனை தொடங்கியது. காகிதத்தைச் சாதாரண உப்புக் கரைசலில் தோய்த்துக் காயவைப்பார். அதன்மேல் வெள்ளி நைட்ரேட் பூசுவார். இரண்டும் சேர்ந்து வெளிச்சம் பட்டால் கறுக்கும் பொருளாகிவிடும். அந்தக் காகிதத்தைக் கையளவு மரப் பெட்டிக்குள், ஒரு லென்ஸுக்குப் பின்னால் வைத்து, பெட்டியை நீண்ட நேரம் அசையாமல் விட்டுவிடுவார். வீடெங்கும் அங்கங்கே கிடந்த இந்தப் பெட்டிகளை அவர் மனைவி கான்ஸ்டன்ஸ் எலிப்பொறி என்று அழைத்தார். கான்ஸ்டன்ஸும் பின்னர் படம் எடுத்துப் பார்த்தவர். உலகில் அதைச் செய்த முதல் பெண்களில் ஒருவர்.

1835 ஆகஸ்டில் தெற்குக் கூடத்தின் நடுச் சன்னலை நோக்கி ஒரு பெட்டியை வைத்தார். கிடைத்த படம் தபால்தலை அளவுதான் இருக்கும். வெளிச்சம் கறுப்பாகவும் நிழல் வெளுப்பாகவும் விழுந்த அந்தத் துண்டுக் காகிதம்தான் இன்று உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமரா நெகட்டிவ். முதலில் எடுத்தபோது ஏறத்தாழ 200 கண்ணாடிச் சதுரங்களையும் லென்ஸ் வைத்து எண்ண முடிந்தது என்று அதன் பக்கத்திலேயே தன் கையால் எழுதி வைத்திருக்கிறார். மூலப் படம் பிராட்ஃபோர்டு நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சன்னல் இங்கேயே இருக்கிறது.

டகேர் தன் முறையை அறிவித்த செய்தி 1839 ஜனவரியில் வந்தபோது டால்பட் திகைத்துப்போனார். நான்கு ஆண்டுகளாகப் பெட்டிக்குள் வைத்திருந்ததை அவசரமாக எடுத்து அந்த மாதக் கடைசியிலேயே லண்டனில் காட்டினார். 1841இல் மேம்பட்ட முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அது மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்று அன்றே பலர் குறைபட்டார்கள். 1877இல் இறந்தார். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் எளிய கல்லறை. மடமாளிகை வாசலிலுள்ள 16ஆம் நூற்றாண்டுக் களஞ்சியத்தில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது.

இவ்வளவு பழைய ஊர் எப்படி மாறாமல் இருந்தது?

பழமையைக் காக்க வேண்டும் என்று முந்நூறு ஆண்டுகளுக்கு முன் யாரும் நினைக்கவில்லை. ஊர் நொடித்துப்போனதுதான் முதல் காரணம். நெசவு பெரிய ஆலைகளுக்குப் போனது. டிரோபிரிட்ஜ் போன்ற ஊர்கள் வளர்ந்தன, லேக்காக்கில் தறிகள் நின்றன. லண்டன்–பிரிஸ்டல் ரயில்பாதை 1841இல் திறந்தபோது அது சிப்பனம் வழியாகப் போய்விட்டது. இடித்துக் கட்டப் பணம் இல்லை.

இரண்டாவது காரணம், ஊர் முழுவதும் ஒரே கையில் இருந்தது. மடத்தின் கையில் 300 ஆண்டுகள், பிறகு ஷேரிங்டன்–டால்பட் குடும்பத்தின் கையில் 400 ஆண்டுகள். வீடுகளில் இருந்தவர்கள் குடித்தனக்காரர்கள். தன் விருப்பப்படி யாரும் இடிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. மக்களுக்கு அது சுகமான ஏற்பாடு என்று நான் சொல்லமாட்டேன். ஒழுகும் கூரையை மாற்ற ஜமீனைக் கேட்டு நிற்க வேண்டிய வாழ்க்கை அது.

மூன்றாவது, மட்டில்டா டால்பட். ஃபாக்ஸ் டால்பட்டின் பேத்தி. 1916இல் மாமாவிடமிருந்து சொத்து வந்தது. திருமணம் செய்துகொள்ளாதவர். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944இல், மாளிகையையும் ஊரின் பெரும்பகுதியையும் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளைக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். விற்றிருந்தால் வீடு வீடாகப் பிரிந்து போயிருக்கும். ஏலாவின் காலத்திலிருந்து மடத்திலேயே இருந்த, மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனத்தின் 1225ஆம் ஆண்டுப் பிரதியையும் நாட்டுக்குக் கொடுத்தவர் இவரே. மூன்றாம் ஹென்றி மன்னரின் முத்திரையோடு அது இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கட்டியவரும் பெண், காத்துக் கொடுத்தவரும் பெண்.

மின்கம்பியே கண்ணில் படவில்லையே?

மண்ணுக்கடியில் புதைத்திருக்கிறார்கள். வீட்டு முகப்பில் டிவி ஆன்டெனா கிடையாது, சாலையில் மஞ்சள் கோடு கிடையாது. வீடுகளைப் பழுதுபார்க்கச் சிமெண்ட் தொடுவதில்லை, சுண்ணாம்புக் காரைதான். சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். பின்னால் இருக்கும் ஓக் மரம் மெல்ல மெல்ல உளுத்துப்போகும். சுண்ணாம்பு மூச்சுவிடும். வேறு ஊர்களில் நல்லெண்ணத்தோடு சிமெண்ட் பூசிக் கெடுத்த வீடுகள் எத்தனையோ.

அதனால்தான் சினிமாக்காரர்கள் வருகிறார்களா?

ஆமாம். ஹாரி பாட்டர் படங்களில் வரும் பள்ளியின் தாழ்வாரங்கள் சில இந்த மடத்துத் திருச்சுற்றுதான். பிள்ளைகள் கூட வந்தால் அதிலிருந்து தொடங்குங்கள், ஏலாவிடம் பிறகு வரலாம்.

வீடுகளுக்குள் போகலாமா?

கூடாது. அவற்றில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். பெரும்பாலோர் நேஷனல் டிரஸ்ட்டின் வாடகைதாரர்கள். பள்ளிக்கூடம், விடுதி, ரொட்டிக்கடை எல்லாம் நடக்கும் ஊர். சன்னல் வாசல் தெருவை ஒட்டியே இருப்பதால் பலர் கண்ணாடியில் மூக்கை வைத்து உள்ளே பார்க்கிறார்கள். உள்ளே ஒரு பாட்டி காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருப்பார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

எப்படிப் போவது?

லண்டன் பேடிங்டன் நிலையத்திலிருந்து சிப்பனத்துக்கு ரயில். அங்கிருந்து பஸ்ஸோ டாக்சியோ. காரில் வந்தால் ஊருக்கு வெளியே இருக்கும் நிறுத்துமிடத்திலேயே விட்டுவிட்டு நடந்து வாருங்கள். தெருக்கள் குறுகல்.

இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. எதை விடலாம்?

கடைகளை விடுங்கள். முதலில் சர்ச் தெரு வீட்டின் வளைந்த மரம், பிறகு களஞ்சியம். மீதி நேரம் மடமாளிகைக்கு. திருச்சுற்றை முடித்துவிட்டு மாடிக்குப் போய்த் தெற்குக் கூடத்து நடுச் சன்னல் முன் நில்லுங்கள். பக்கத்தில் அந்த முதல் நெகட்டிவின் பிரதியை வைத்திருப்பார்கள். எல்லாரும் போனை எடுத்து அந்தச் சன்னலைப் படம் பிடிப்பார்கள், நீங்களும் பிடியுங்கள். பிடித்த பிறகு படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சதுரங்களை எண்ணிப் பாருங்கள்.